அமெரிக்கச் சமர் காம்பில பிள்ளைகளைப் பாக்கிற வேலை: திருகோணமலையில இருந்து போனவை இருக்கிறியளா?

கோணேசபுரி_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோணேசபுரி வளாகத்தில கடைசி வருசம் படிக்கிறன். வயசு 23. மூண்டு வருசமா எங்கட கோயில் அறநெறிப் பாடசாலையில ஞாயிற்றுக்கிழமைகளில சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். அமெரிக்காவில கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து தங்கிற காம்ப் இருக்காம், பிள்ளைகளைப் பாக்கிற கவுன்சிலரா வெளிநாட்டு ஆக்களையும் எடுப்பினமாம் எண்டு ஒரு சிநேகிதி சொன்னா. விசாரிச்சுக்கொண்டு போனா, டவுனில ஒரு ஏஜென்சிக்காரர் ஆறு லட்சம் கேக்கிறார். முதல்ல ரெண்டு லட்சம் கட்டவேணுமாம். விசா நூறு வீதம் உறுதியாம். அங்க இறங்கினாப் பிறகு வேற வேலைக்கு மாறலாமாம்.

அம்மா தன்ர காப்பை அடகு வைக்கிறன் எண்டு நிக்கிறா. அப்பா "கொஞ்சம் பொறு பிள்ளை" எண்டுறார். இப்பிடி ஒரு வேலை உண்மையிலயே இருக்கோ? போனவை ஆராவது இருந்தா முழுசாச் சொல்லுங்கோ. இந்தக் கிழமைக்குள்ள காசு கட்டச் சொல்லி அவர் நெருக்கிறார்.


கடற்கரைவீதி எழுதியது:

தங்கச்சி, முதல் அலுவல்: அம்மாட காப்பு அம்மாட கையிலயே இருக்கட்டும். அந்த ரெண்டு லட்சத்தைக் கட்டாதேங்கோ.

வேலை உண்மைதான். நான் ரெண்டு கோடை போய் வந்தனான். பென்சில்வேனியாவில பொக்கனோ மலைப்பக்கம், ஒரு ஏரிக்கரையில பொடியன்களுக்கான காம்ப். ஏழு கிழமை பிள்ளைகள் அங்கயே தங்குவினம். எட்டு வயசில இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் இருப்பினம். மரத்தால கட்டின சின்ன வீடுகள், கபின் எண்டு சொல்லுறது. ஒரு கபினுக்குப் பத்துப் பன்ரெண்டு பிள்ளை, ரெண்டு மூண்டு கவுன்சிலர். நாங்களும் அந்தக் கபினிலதான் படுக்கவேணும்.

இனி விசாக் கதை. இதுக்குப் பேர் ஜே-1. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ வந்த கலாசாரப் பரிமாற்றத் திட்டம் அது. அதுக்குள்ள காம்ப் கவுன்சிலர் எண்டு தனிப் பிரிவு இருக்கு. 18 வயசு நிரம்பியிருக்கவேணும், கூடினது நாலு மாசம். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் சில அமைப்புகளுக்கு ஸ்பொன்சர் எண்டு அங்கீகாரம் குடுத்திருக்கு. அந்த ஸ்பொன்சர் உங்களை இன்டர்வியூ செய்து, ஆங்கிலம் பாத்து, உங்களைத் தெரிஞ்ச ஆசிரியரிட்டயோ வேலை குடுத்தவரிட்டயோ கடிதம் வாங்கி, காம்போட சேத்துவிட்ட பிறகுதான் டிஎஸ்-2019 எண்ட பத்திரத்தைத் தரும். அந்தப் பத்திரம் இல்லாம ஜே-1 விசாவுக்குப் போய் நிக்க ஏலாது. டவுனில இருக்கிற ஆரும் அதை அடிச்சுத் தர ஏலாது. ஸ்பொன்சர்மாரின்ர பெயர்ப்பட்டியல் அந்தத் திணைக்களத்தின்ர ஜே-1 இணையத்தளத்தில இருக்கு. ஏஜென்சிக்காரர் சொல்லுற பெயர் அதில இருக்கோ எண்டு இண்டைக்கே பாருங்கோ.

பத்திரம் கிடைச்சாப் பிறகு டிஎஸ்-160 எண்ட விசா விண்ணப்பப் படிவம் நிரப்பி, விசாக் கட்டணம் 185 டொலரும் செவிஸ் எண்ட பதிவுக் கட்டணம் 35 டொலரும் கட்டி, கொழும்பில காலி வீதியில இருக்கிற தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போறது. செவிஸ் காசைச் சில ஸ்பொன்சர் தங்கட கட்டணத்துக்குள்ளயே சேத்துக் கட்டுவினம், கேட்டுப் பாக்கவேணும். விசா குடுக்கிறதோ இல்லையோ எண்டது அந்த யன்னலுக்கு அங்கால இருக்கிற அதிகாரியின்ர முடிவு. அதை நூறு வீதம் உறுதி எண்டு ஒருத்தர் விக்கிறார் எண்டா, தன்னிட்ட இல்லாத சாமானை விக்கிறார்.

"அங்க போய் வேற வேலைக்கு மாறலாம்" எண்டது இன்னும் மோசம். டிஎஸ்-2019இல எந்தக் காம்ப் எண்டு இருக்கோ அங்க மட்டும்தான் வேலை. முடிஞ்சாப் பிறகு 30 நாள் ஊர் சுத்திப் பாக்க விடுவினம், அந்த 30 நாளும் வேலை செய்யக் கூடாது. மாறிப் போனா உங்கட பெயர் பதிவில இருந்து வெட்டுப்படும், அதுக்குப் பிறகு எந்த விசாவுக்குப் போனாலும் அது முன்னுக்கு வந்து நிக்கும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பிறன் எண்டு ஒருத்தர் காசு வாங்கிறதெண்டா, 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர அனுமதிப்பத்திரம் வேணும். இலக்கத்தைக் கேளுங்கோ. பணியகத்தின்ர 1989 எண்ட போன் நம்பருக்கு அடிச்சு அந்த அனுமதிப்பத்திர இலக்கம் சரியோ எண்டு பாருங்கோ. இலக்கம் கேட்ட உடன அவர் கோபப்பட்டா, அதுதான் உங்களுக்குப் பதில்.


வாடைக்காத்து எழுதியது:

அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஆனா வேலையின்ர மற்றப் பக்கத்தையும் தங்கச்சி தெரிஞ்சுகொள்ளவேணும். என்ர மச்சான் ஒரு கோடை போனவன். காலமை ஏழரைக்கு மணி அடிச்சா இரவு பத்து மணி வரைக்கும் பிள்ளைகளோடயே. கிழமைக்கு ஒரு நாள்தான் லீவு. சம்பளத்தை மணித்தியாலத்துக்குப் பிரிச்சுப் பாத்தா கண்ணீர் வரும். ஸ்பொன்சர் காசு, பிளேன் ரிக்கெற், கொழும்புக்குப் போய் வந்த செலவு எல்லாம் கழிச்சு அவன் கொண்டு வந்தது ஒரு நல்ல போனுக்குக் காணும், அவ்வளவுதான். வறுமையான நாட்டுப் பிள்ளைகளைக் கலாசாரம் எண்டு சொல்லி மலிவா வேலை வாங்கினம். இது என்ர துணிஞ்ச கருத்து.


கடற்கரைவீதி எழுதியது:

தம்பி, சம்பளக் கதையில உங்கட மச்சான் சொன்னது பொய்யில்லை. அங்க பருவகாலக் காம்புகளுக்கு நாட்டின்ர குறைஞ்சபட்சச் சம்பளச் சட்டத்தில விலக்கு இருக்கு. அதனால மணித்தியாலக் கணக்கு இல்லை, முழுக் கோடைக்கும் மொத்தமா ஒரு தொகை. சாப்பாடும் படுக்கையும் அவையின்ர பொறுப்பு. ஆனா ஒண்டு, அமெரிக்கக் கவுன்சிலருக்கு என்ன குடுக்கினமோ அதுக்குச் சமனா எங்களுக்கும் குடுக்கவேணும் எண்டு விதி இருக்கு. என்ர கபினில இருந்த ஒஹாயோப் பொடியனும் நானும் ஒரே தொகைதான் வாங்கினம். அவனும் பல்கலைக்கழகப் பெடியன், தான் எட்டு வயசில வந்து தங்கின காம்புக்கே வேலைக்குத் திரும்பி வந்தவன்.

ஆகவே, கடன் அடைக்கப் போற ஆக்களுக்கு இது சரிவராது. வீட்டில அடகு இருந்தா, தங்கச்சியின்ர சீதனம் சேக்கவேணும் எண்டு நினைச்சா, இந்தப் பக்கம் பாக்காதேங்கோ. செலவை வெட்டிச் சமன் வந்தாக் காணும், பிள்ளைகளோட ஒரு கோடை இருக்க எனக்கு விருப்பம் எண்டு சொல்லுறவை மட்டும் போங்கோ.

இன்னொரு விசயம், இது எங்கட ஆக்களுக்குத் தெரியிறேல்லை. கவுன்சிலர் எண்டு கூட்டிக்கொண்டு போய்க் குசினியில கோப்பை கழுவ விடக் கூடாது. சமையல்காரர், கோப்பை கழுவுறவர், கூட்டித் துடைக்கிறவர், அலுவலகக் கிளார்க் ஆகிய வேலைகளுக்கு இந்தப் பிரிவில ஆள் எடுக்க ஏலாது. தன்ர கபினைப் பிள்ளைகளோட சேந்து கூட்டிறது, மேசை துடைக்கிறது எல்லாம் காம்ப் வாழ்க்கையோட வாறது, அது பரவாயில்லை. நாள் முழுக்கக் குசினி எண்டா உடன ஸ்பொன்சருக்குப் போன் எடுக்கவேணும்.

வரியும் சொல்லவேணும். வருமான வரி வெட்டுவினம். சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகெயர் வரியும் ஜே-1இல போற எங்களுக்கு வெட்டக் கூடாது. முதல் வருசம் எனக்குத் தெரியாமல் வெட்டிப்போட்டினம். சம்பளத் துண்டை வாசிச்சுப் பாத்துக் கேட்ட பிறகு திருப்பித் தந்தினம். அடுத்த வருசம் பங்குனி, சித்திரைக்குள்ள 1040-என்ஆர் எண்ட வரிப் படிவம் இங்க இருந்தே அனுப்பவேணும். வெட்டின வருமான வரியில ஒரு பங்கு அப்பிடித்தான் எனக்குத் திரும்பி வந்தது.


கிண்ணியா_பாலம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் போய் விசா கிடைக்காமத் திரும்பினவன். அதையும் எழுதினா ஆருக்காவது உதவும்.

எனக்கு டிஎஸ்-2019 வந்திட்டு. ஒரு சிநேகிதன் கேள்வி பதில் எழுதின தாள் ஒண்டு தந்தான். ரெண்டு கிழமை அதை மனப்பாடம் செய்தன். இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போற வழியெல்லாம் ஓதிக்கொண்டே போனன். நேர்காணல்ல அந்த ஆள் கேட்டது, "எத்தனை வயசுப் பிள்ளைகளைப் பாக்கப் போறீங்க?" அந்தக் கேள்வி தாளில இல்லை. காம்ப் அனுப்பின மெயில்ல இருந்தது, நான் வாசிக்கயில்லை. நான் மனப்பாடம் செய்த "கலாசாரத்தைப் பரிமாற" எண்டதையே திருப்பிச் சொன்னன். பிறகு, "பிள்ளைகளோட வேலை செய்திருக்கீங்களா?" நாலு வருசமா எங்கட ஊர் மைதானத்தில பதிமூண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பொடியன்களுக்குக் கிரிக்கெட் பழக்கிறன். பின்னேரம் அசர் தொழுகை முடிய இருவது பேர் வந்து நிப்பாங்க. அது எண்ட வாயில வரவே இல்லை. ரெண்டு நிமிசத்தில 214பி எண்டு ஒரு தாளைத் தந்தாங்க.

214பி எண்டது அவங்கட குடிவரவுச் சட்டத்தில ஒரு பிரிவு. விசா கேட்டு வாற ஆளை, அங்கயே தங்க வாறவன் எண்டுதான் முதல்ல நினைப்பாங்க. இல்லை, நான் திரும்பி வருவன் எண்டு நாமதான் காட்டணும். 185 டொலர் திரும்பி வராது. ஆனா தடை ஒண்டும் இல்லை, திரும்பவும் போடலாம். இந்த வருசம் திரும்பப் போடுறன். தாளைக் கிழிச்சுப் போட்டன்.

தங்கச்சி, உங்கட அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளைப் பத்திச் சொல்லுங்க. பேரப் பெரிசாச் சொல்லத் தேவையில்லை. போன ஞாயிறு என்ன நடந்தது எண்டு சொன்னாலே போதும். மற்றது, 2025 ஜூன்ல இருந்து ஜே விசாவுக்குப் போறவங்க சமூக ஊடகக் கணக்கை எல்லாரும் பாக்கிற மாதிரித் திறந்து வைக்கணும் எண்டு விதி வந்திட்டு. அதையும் நேரத்தோட பாத்துக்கொள்ளுங்க.


மூதூர்_டீச்சர் எழுதியது:

இருபது வருசமா ஆரம்பப் பிரிவில படிப்பிக்கிறன். மேல எழுதினதெல்லாம் விசாவும் காசும். நான் ஒண்டு கேக்கிறன். எட்டு வயசுப் பிள்ளையைத் தாய் தகப்பன் ஏழு கிழமைக்கு விட்டிட்டுப் போகினம். இருவது இருவத்திரண்டு வயசு இளசுகளின்ர கையில குடுக்கினம். அந்தப் பிள்ளை இரவில அழுதா ஆர் பாக்கிறது? உங்களுக்கு அதுக்கு ஆர் பழக்கித் தந்தது? பெண் பிள்ளையா அங்க போய் நிண்ட ஆராவது இருந்தா மறைக்காமச் சொல்லுங்கோ. கோணேசபுரிப் பிள்ளைக்கு அதுதான் முக்கியம்.


நிலாவெளி_அலை எழுதியது:

டீச்சர், நீங்கள் கேட்டதுதான் இந்த வேலையே. நான் அமெரிக்காவில மெயின் எண்ட மாநிலத்தில பெண் பிள்ளைகள் காம்பில இருந்தனான்.

பிள்ளைகள் வர முந்தி எங்களுக்கு ஒரு கிழமைக்கு மேல பயிற்சி. முதல் நாளே சொல்லித் தந்த விதி: ஒரு பிள்ளையோட நீங்கள் தனிச்சு ஒரு அறைக்குள்ள இருக்கக் கூடாது. கதைக்கவேணும் எண்டா மற்றவை பாக்கிற இடத்தில, வாங்கில இருந்து கதை. பிள்ளை ஏதும் தனக்கு நடந்த கெட்டதைச் சொன்னா, நீ துருவித் துருவிக் கேளாதே, "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" எண்டு வாக்குக் குடாதே, உடன பொறுப்பாளரிட்டப் போ. மருந்து ஒரு குளிசை கூட எங்கட கையால குடுக்கக் கூடாது, தாதி மட்டும்தான். கச்சான் ஒவ்வாத பிள்ளை ஆர், தேனீ குத்தினா மூச்சு அடைக்கிற பிள்ளை ஆர் எண்டு பெயர் பெயரா மனசில இருக்கவேணும். அப்பிடி மூச்சு அடைச்சா அவசரத்துக்குப் போடுற எபிபென் ஊசியைத் தொடையின்ர வெளிப்பக்கம் எப்பிடி அழுத்திறது எண்டு பயிற்சி ஊசியை வைச்சு எங்களை ஒவ்வொருத்தராச் செய்யவிட்டினம்.

அழுகைக் கதைக்கு வாறன். வீட்டு நினைப்பு வாறது விளையாடேக்க இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்க விடுற ஒரு மணித்தியாலம், பிறகு இரவு. ஜூன் மாசம் அங்க இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம். ஆறரைக்கு இருட்டிற திருமலையில வளந்த எனக்கே நித்திரை வரயில்லை. சின்னதுகள் வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டு கட்டில்ல கிடந்து யோசிக்கும்.

என்ர கபினில எட்டு வயசுப் பிள்ளை ஒண்டு. முதல் நாலு நாளும் அழவே இல்லை. கெட்டிக்காரி எண்டு நினைச்சன். காலமை எல்லாற்ற கட்டிலையும் விட அவட கட்டில்தான் வடிவா விரிச்சிருக்கும், போர்வை மூலை கூடக் கசங்காமல். அஞ்சாம் நாள்தான் யோசிச்சன், எட்டு வயசுப் பிள்ளை ஏன் இவ்வளவு கவனமாக் கட்டில் விரிக்குது? எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு போர்வையைத் தூக்கிப் பாத்தன். அடியில படுக்கைச் சீலை நனைஞ்சு, முதல் நாள் ஈரம் காயாமல், அதுக்கு மேல ஒரு துவாய், அதுக்கு மேல போர்வை. நாலு இரவு அந்த ஈரத்தில படுத்திருக்கு. ஒருத்தருக்கும் சொல்லயில்லை.

எனக்கு அந்த இடத்திலயே நெஞ்சு அடைச்சுப் போச்சு. நாலு நாளும் நான் அந்தக் கட்டிலுக்கு ரெண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தனான்.

காம்ப் பொறுப்பான அம்மாட்டச் சொன்னன். அவ பெட்டியில இருந்து அதே நிறச் சீலை ரெண்டு தந்தா. அப்பிடியான பிள்ளைகளுக்கெண்டே கன சீலை வாங்கி வைச்சிருக்கினம். அந்தப் பிள்ளையோட வாசல் படியில இருந்து கதைச்சன். நான் ஒண்டும் பெரிசாச் சொல்லயில்லை. "உன்ர கரடிப் பொம்மையைக் காலமை தலைகீழா வைச்சா எனக்கு விளங்கும், நீ சாப்பிடப் போ" எண்டன். அவ தலையாட்டினா. அடுத்த நாள் காலமை கரடி தலைகீழா இருந்தது. மற்றவை சாப்பிட்டுத் திரும்பி வரமுந்தி நான் சீலையை மாத்திப் போடுவன். இரவு பதினொரு மணிக்கு ஒருக்கா எழுப்பி, மற்றக் கவுன்சிலர் பாத்துக்கொண்டு நிக்க, டோச் அடிச்சுக் கூட்டிக்கொண்டு போவன். ஒரு பத்து நாளில கரடி நிமிர்ந்து இருந்தது. கபினில மற்றப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் கடைசி வரை தெரியாது.

தாய் தகப்பனுக்குக் காம்ப் முன்கூட்டியே சொல்லுறது ஒண்டு: "பிடிக்காட்டி வந்து கூட்டிக்கொண்டு போறன்" எண்டு பிள்ளைக்கு வாக்குக் குடுக்காதேங்கோ. குடுத்தா அந்தப் பிள்ளை நாள் முழுக்க வாசலைத்தான் பாத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் போன் இல்லை. கடிதம்தான். கிழமைக்கு ரெண்டு தரம் மத்தியானத்தில எல்லாரும் இருந்து எழுதவேணும். எங்கட போனும் கபினில எடுக்க ஏலாது. வீட்டோட கதைக்கிறது லீவு நாளில. இலங்கை நேரம் அங்கத்தைய நேரத்தை விட ஒன்பதரை மணித்தியாலம் முந்தி, ஆனபடியா எனக்கு மத்தியானம் ஓய்வு கிடைக்கேக்க அம்மாவுக்கு நடுச்சாமம். அம்மா முழிச்சிருப்பா.

பெண் பிள்ளையாப் போறதைப் பத்தி: பொம்பிளைப் பிள்ளைகள் காம்பைத் தேர்ந்தெடுக்கலாம், எடுக்கிற கவுன்சிலர்மாரும் அனேகமாப் பெண்கள்தான். லீவு நாளில தனியப் போகாதேங்கோ, ரெண்டு மூண்டு பேராப் போங்கோ. பாஸ்போட்டைக் காம்ப் வாங்கி வைக்கிறம் எண்டு சொன்னா, ஒரு பிரதியைக் குடுங்கோ, அசலை உங்களோட வைச்சிருங்கோ. எனக்கு ஒரு கரைச்சலும் வரயில்லை. ஆனாலும் டிஎஸ்-2019 பிரதி ஒண்டு அம்மாட்டக் குடுத்திட்டுத்தான் போனனான்.


கிண்ணியா_பாலம் எழுதியது:

நிலாவெளி அக்கா, வாசிச்சிட்டு எண்ட உம்மாக்கும் சொன்னன். ஒண்டு கேக்கணும், சாப்பாடு? ஹலால் இறைச்சி கிடைக்காதே.


நிலாவெளி_அலை எழுதியது:

தம்பி, எங்கட காம்பில ஹலால் இறைச்சி இல்லை. ஒரு மொரோக்கோப் பிள்ளை எங்களோட இருந்தவ. முட்டை, மீன், பாஸ்தா, சலாட், பழம் எண்டு ஏழு கிழமையும் ஓட்டினவ. மரக்கறி ஆக்களுக்கு ஒவ்வொரு நேரமும் ஒரு தட்டு தனிய இருந்தது. ஸ்பொன்சர் படிவத்திலயே எழுதுங்கோ, காம்ப் டிரக்டரோட கதைக்கேக்கயும் சொல்லுங்கோ. கிறிஸ்தவக் காம்ப், யூதக் காம்ப், சமயம் இல்லாத காம்ப் எண்டு எல்லாம் இருக்கு, உங்களுக்கு எது சரிவரும் எண்டு வெளிப்படையாக் கேக்கலாம். நான் ஒரு போத்தல் கறித்தூளும் ஒரு போத்தல் கட்டைச்சம்பலும் கொண்டு போனனான். ஒவ்வொரு முட்டையிலயும் அதைத் தூவித்தான் சாப்பிட்டனான்.


திருக்கடலூர் எழுதியது:

நான் நீச்சல் ஆள். கடல்ல வளந்தவன், உயிர்காப்புப் பயிற்சியும் இங்க எடுத்தனான். ஏரிக்கரையில ஆள் எடுப்பினமோ? அங்க என்ன முறையில பிள்ளைகளைத் தண்ணிக்குள்ள விடுகினம் எண்டு ஆராவது விவரமா எழுதுங்கோ.


கடற்கரைவீதி எழுதியது:

தம்பி, உங்களை மாதிரி ஆக்களைத்தான் காம்புகள் தேடுறது. நீச்சல், படகு, அம்பு எய்யிறது, கயிறு ஏறுறது, மண்பாண்டம், நடனம், இப்பிடி ஒண்டு கையில இருந்தா வேகமா எடுப்பினம். இங்கத்தைய சான்றிதழைக் காட்டுங்கோ, ஆனா அங்க போய் அவையின்ர லைஃப்கார்ட் பயிற்சியையும் திரும்ப எடுக்கவேணும். நான் எடுத்தனான். ஜூன் தொடக்கத்தில மலை ஏரித் தண்ணி. டச்பே தண்ணியில குளிச்ச உடம்புக்கு அது ஐஸ்.

முறை சொல்லுறன், இதைக் கவனமா வாசியுங்கோ. கரையில ஒரு பெரிய பலகை. அதில ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன வட்டத் தகடு, பெயரும் இலக்கமும் எழுதி. நீந்தத் தெரியாதவைக்கு ஒரு நிறம், கொஞ்சம் தெரிஞ்சவைக்கு ஒரு நிறம், நல்லா நீந்துறவைக்கு ஒரு நிறம். முதல் நாள் எல்லாரையும் நீந்த விட்டுப் பாத்துத்தான் நிறம் குடுக்கிறது, பிள்ளை சொல்லுறதைக் கேட்டு இல்லை. தண்ணிக்குள்ள போகமுந்தி பிள்ளை தன்ர கையால தகட்டைத் திருப்பிக் கொழுவவேணும். தனியப் போக ஏலாது, ஒரு சோடி வேணும், அதே நிறச் சோடி. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விசில் அடிப்பம். அந்த இடத்திலயே எல்லாரும் சோடியின்ர கையைப் பிடிச்சு மேல தூக்கவேணும். நாங்கள் எண்ணுவம். பலகையில எத்தனை தகடு, தண்ணியில எத்தனை தலை. ஒண்டு குறைஞ்சா எல்லாரும் கரைக்கு.

குறைஞ்சா அடுத்தது என்ன எண்டதும் பழக்குவினம். கவுன்சிலர்மார் எல்லாரும் ஓடி வந்து, கையோட கை கோத்து, கரையில இருந்து ஆழத்தை நோக்கி ஒரு வரியா நடக்கிறது, காலால அடியைத் தடவிக்கொண்டு. அந்தப் பயிற்சியை முதல் தரம் செய்யேக்க ஒருத்தரும் கதைக்கயில்லை. எனக்குக் காலுக்குக் கீழ சேறு படேக்க 2004 மார்கழிச் சுனாமி நினைவு வந்தது. கடற்கரையால நடந்து தேடின ஆக்களுக்குத் தெரியும். நான் அப்ப சின்னப் பெடியன், அப்பான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான்.

காட்டுப் பக்கமும் ஒண்டு சொல்லவேணும். கோட்டைக்குள்ள மானோட வளந்த எனக்கு, முதல் நாள் காம்பில மான் கண்ட உடன சந்தோசம். தலைவர் கூப்பிட்டுச் சொன்னார், மான் திரியிற புல்லுக்குள்ள உண்ணி இருக்கும், அது கடிச்சா லைம் நோய் வரலாம் எண்டு. நடைப்பயணம் போய் வந்தா ஒவ்வொரு நாளும் முழங்காலுக்குப் பின்னால, கமக்கட்டு, காதடி, தலைமயிர் எல்லாம் பாக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்கவேணும். உண்ணி இருந்தா தாதி சாவணத்தால தோலோட சேத்துப் பிடிச்சு நேரா மேல இழுப்பா. மூண்டு மூண்டு இலையா வாற ஒரு செடி இருக்கு, பொய்சன் ஐவி எண்டு, தொட்டா தோல் கடிச்சுக் கொப்பளிக்கும். முதல் கிழமையே அதை அடையாளம் காணப் பழகுங்கோ.


திருக்கடலூர் எழுதியது:

அண்ணை, அந்தப் பலகையை இங்க செய்யலாமோ? என்ர ரெண்டு தங்கச்சிமாருக்கும் நீந்தத் தெரியாது. வீட்டுக்கும் கடலுக்கும் நூறு மீற்றர்.


கடற்கரைவீதி எழுதியது:

செய்திட்டம் தம்பி. உப்புவெளிக் கரையில சனிக்கிழமை காலமை பதினாலு பிள்ளைகள் வருகினம், அதில ஒன்பது பேர் பொம்பிளைப் பிள்ளைகள். தகடு இல்லை. சோடாப் போத்தல் மூடியில துளை போட்டு, நிறம் அடிச்சு, ஒரு பலகையில ஆணி அறைஞ்சு கொழுவியிருக்கிறம். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விசில். பாத்துக்கொண்டு நிக்கிற தாய்மாரும் எண்ணத் தொடங்கியிட்டினம். ரெண்டாவது உயிர்காப்பு ஆள் இல்லாததாலதான் கூடப் பிள்ளைகளைச் சேக்காமல் இருக்கிறன். பதினாலுக்கு மேல ஒருத்தராப் பாக்க எனக்குத் துணிவு இல்லை. நீங்கள் வந்தா உங்கட தங்கச்சிமாரோட இன்னும் பத்துப் பேரைச் சேக்கலாம். வாடை தொடங்கிக் கடல் குழம்ப முந்தி எங்களுக்கு ஒரு மாசம்தான் இருக்கு.


வாடைக்காத்து எழுதியது:

மச்சானிட்ட இந்த இழையைக் காட்டினன். காசைப் பத்தி அவன் இப்பவும் அதைத்தான் சொல்லுறான். ஆனா கரடிப் பொம்மைக் கதையை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். பிறகு, தன்ர கபினிலயும் ஒரு பொடியன் இருந்தவன் எண்டான். அவ்வளவுதான் சொன்னான். பலகைக்கு நிறம் அடிக்க ஆள் தேவை எண்டா நான் வாறன்.


கோணேசபுரி_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் என்ன சொல்லிறதெண்டு தெரியேல்லை. ஏஜென்சிக்காரரிட்ட அனுமதிப்பத்திர இலக்கமும் ஸ்பொன்சர் பெயரும் கேட்டன். "உனக்கு நம்பிக்கை இல்லாட்டி வேற ஆள் இருக்கு" எண்டு போனை வைச்சிட்டார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில நிண்டவர். அம்மா காப்பைத் திரும்பப் போட்டிட்டா.

பட்டியலைப் பாத்தன். ரெண்டு ஸ்பொன்சரின்ர படிவம் எடுத்து வைச்சிருக்கிறன். அடுத்த ஜூனுக்கு இப்பவே விண்ணப்பிக்கலாம் எண்டு இருக்கு. பாஸ்போட் எடுக்க வாற கிழமை அப்பாவோட வவுனியா அலுவலகத்துக்குப் போறன். அறநெறிப் பாடசாலைத் தலைமை ஆசிரியை கடிதம் தாறன் எண்டு சொல்லியிட்டா. கிண்ணியா அண்ணை சொன்னபடி போன ஞாயிறு நடந்ததை ஆங்கிலத்தில எழுதிப் பாத்தன். ஒரு பிள்ளை தேவாரம் பாடப் பயந்து மேசைக்குக் கீழ போய் ஒளிச்சது. நானும் மேசைக்குக் கீழ போய் இருந்து அதோட சேந்து பாடினன். அதை எழுத எனக்கு ஒரு பக்கம் வந்தது.

நிலாவெளி அக்கா, ஒண்டு கேக்கவேணும். எனக்கும் நீந்தத் தெரியாது. படிவத்தில அந்தக் கேள்வி இருக்கு. "இல்லை" எண்டு போட்டா எடுக்கமாட்டினமோ?


நிலாவெளி_அலை எழுதியது:

"இல்லை" எண்டே போடு தங்கச்சி. பிள்ளைகளின்ர தண்ணிக் கேள்வியில ஒருக்காலும் பொய் எழுதாதே. நீந்தத் தெரியாத கவுன்சிலர்மார் இருக்கினம், அவை கரையில நிண்டு எண்ணுவினம். ஜூனுக்கு இன்னும் கன மாசம் இருக்கு. சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு உப்புவெளிக்கு வா, நானும் வாறன். நீட்டுக் கால்சட்டையும் ரீசேட்டும் போட்டுக்கொண்டு வா, துவாய் ஒண்டு கொண்டு வா. உனக்கு ஒரு மூடி நிறம் அடிச்சு வைக்கச் சொல்லுறன்.